மின்சார ரயிலுக்கு முன்னால் இன்ஜின் எங்கே?

கேட்கப்பட்டது இதுதான்: கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலுக்கு முன்னாலும் இன்ஜின் கிடையாது, பின்னாலும் கிடையாது. அதே தாம்பரம் வழியாகப் போகும் பாண்டியன் எக்ஸ்பிரஸுக்கு மட்டும் தனியாக ஒரு மின்சார இன்ஜின் எதற்கு? இரண்டுக்கும் மேலே ஒரே கம்பிதானே? இன்ஜின் இல்லாத ரயிலை முதலில் செய்தவர் யார்?

சுருக்கமான பதில்: புறநகர் ரயிலுக்கும் இன்ஜின் உண்டு. அதைப் பிரித்துப் பெட்டிகளுக்கு அடியில் வைத்துவிட்டார்கள். மூன்று நான்கு பெட்டிகளுக்கு ஒன்று மோட்டார் கோச். மேல்கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் பேன்டோகிராஃப் கூரையில் இருக்கிறதே, அந்தப் பெட்டிதான். மற்றவை மோட்டார் இல்லாத வெறும் டிரெய்லர். எல்லா மோட்டார் கோச்சுகளும் முன்னால் உட்கார்ந்திருக்கும் மோட்டார்மேனின் ஒரே கைப்பிடிக்கு ஒரே நேரத்தில் கீழ்ப்படியும். இதைச் செய்துகாட்டியவர் ஃபிராங்க் ஸ்ப்ரேக் என்ற அமெரிக்கர். ஆண்டு 1897.

நீண்ட பதிலுக்குக் கொஞ்சம் சுற்ற வேண்டும். மின்சார ரயிலின் வரலாற்றைப் பெரும்பாலும் மோட்டாரின் வரலாறாகவே சொல்லிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் மோட்டார் சுலபமான பாதி. பத்துப் பெட்டிகளுக்கு அடியில் இருக்கும் இருபது மோட்டார்களை ஒரே ஆள் எப்படி ஆட்டுவிப்பது என்பதுதான் கஷ்டமான பாதி. அது தீர்ந்த பிறகுதான் இன்று நாம் ஏறி இறங்கும் ரயில் பிறந்தது.

1879இல் பெர்லினில் ஒரு தொழில் கண்காட்சி. அங்கே வெர்னர் ஃபான் சீமன்ஸ் 300 மீட்டர் நீளத்தில் வட்டமாகத் தண்டவாளம் போட்டு, ஆள் மேலே ஏறி உட்கார்ந்து ஓட்டும் அளவிலான குட்டி மின்சார இன்ஜின் ஒன்றை ஓட்டினார். பின்னால் மூன்று சின்ன வண்டிகள். மின்சாரம் தண்டவாளங்களுக்கு நடுவே கிடந்த மூன்றாவது கம்பியிலிருந்து, 150 வோல்ட். வேகம் ஓடுகிறவனைவிடக் குறைவு. ஆனாலும் சில மாதங்களில் 80,000க்கும் அதிகமானோர் ஏறிப் பார்த்தார்கள். இரண்டு வருடம் கழித்து, பெர்லினுக்கு வெளியே லிஷ்டர்ஃபெல்டேயில் நிஜமான டிராம் ஒன்றையே ஓட்டினார். அதில் ஓடும் தண்டவாளங்கள் இரண்டும்தான் மின்கம்பிகள். ஒன்றில் போய் மற்றொன்றில் திரும்பும். சாலையைக் கடக்கும் குதிரை இரண்டிலும் கால் வைத்தால் என்ன ஆகும்? அதேதான் ஆனது. 1883இல் இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரையில் மாக்னஸ் வோல்க் போட்ட சின்ன மின்சார ரயில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது, உலகிலேயே ஓடுகிற மிகப் பழைய மின்சார ரயில் என்ற பெயரோடு.

ஆக மோட்டார் சுற்றும், சக்கரம் உருளும் என்பது 1880களின் தொடக்கத்திலேயே நிரூபணம் ஆகிவிட்டது. ஆனால் தினமும் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, மேடு ஏறி, மழையில் நனைந்து, குண்டும் குழியுமான தடத்தில் குலுங்கி, இரவு பத்து மணிக்கு ஷெட்டுக்குத் திரும்புவது வேறு விஷயம்.

அந்த வேறு விஷயம் நடந்த இடம் வர்ஜீனியா மாகாணத்தின் ரிச்மண்ட் நகரம். ஸ்ப்ரேக் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் படித்தவர். கொஞ்ச காலம் எடிசனிடம் வேலை பார்த்துவிட்டுத் தனியாகக் கம்பெனி தொடங்கினார். 1887இல் அவருக்கு முப்பது வயது. 12 மைல் தடம், 40 வண்டிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மோட்டார், மின்நிலையம், மேலே கம்பி, எல்லாவற்றையும் 90 நாளில் முடித்துத் தருவதாகக் கையெழுத்துப் போட்டார். சரியாக ஓடினால்தான் பணம். கையெழுத்துப் போட்டபோது கையில் இருந்தது பெரும்பாலும் வரைபடங்கள்தான். போதாக்குறைக்கு டைபாய்டு வேறு வந்து படுத்துவிட்டார்.

ரிச்மண்டின் மேடுகள் சாதாரணமானவை அல்ல, சில இடங்களில் பத்து அடிக்கு ஓரடி ஏற்றம். முதல் சோதனையை ஊர் தூங்கிய பிறகு ராத்திரியில் வைத்துக்கொண்டார்கள். வண்டி எப்படியோ மேட்டில் ஏறிவிட்டது, ஆனால் மோட்டார் கெட்டுவிட்டது. சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் கூட்டம். ஸ்ப்ரேக் சற்றும் அலட்டிக்கொள்ளாமல், சின்னப் பழுதுதான், சில கருவிகளை எடுத்து வா என்று உதவியாளரை அனுப்பிவிட்டு, விளக்கை அணைத்து வண்டிக்குள் படுத்துக்கொண்டார். கூட்டம் கலைந்து வெகுநேரம் கழித்து "கருவிகள்" வந்து சேர்ந்தன: நான்கு கோவேறு கழுதைகள். இதைப் பின்னாளில் சொன்னவர் ஸ்ப்ரேக்கேதான்.

பழுதுகளுக்கு ஒவ்வொன்றாக வைத்தியம் பார்த்தார். அவற்றில் ஒன்றைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் இன்றுவரை அது மாறவில்லை. மோட்டாரை வண்டியின் உடலில் பொருத்தினால், வண்டி குலுங்கும்போது மோட்டாருக்கும் சக்கர அச்சுக்கும் உள்ள தூரம் மாறும், பல்சக்கரம் கவ்வாது. அச்சிலேயே முழுதாக ஏற்றினால் ஒவ்வொரு குலுக்கலும் நேராக மோட்டாரில் இடிக்கும். ஸ்ப்ரேக் மோட்டாரின் ஒரு பக்கத்தை அச்சின் மேல் பேரிங்கோடு தாங்க வைத்து, மறுபக்கத்தை ஸ்பிரிங் போட்டுச் சட்டத்தில் தொங்கவிட்டார். அச்சு எப்படித் துள்ளினாலும் மோட்டார் அதோடு சேர்ந்து ஆடும், பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி மாறாது, பாதி எடை ஸ்பிரிங்கின் மேல். இன்றும் உலகம் முழுக்க எத்தனையோ மின்சார இன்ஜின்களில் மோட்டார் இப்படித்தான் தொங்குகிறது.

1888 பிப்ரவரி 2 அன்று ரிச்மண்டில் முறையான சேவை தொடங்கியது. அப்புறம் பாஸ்டனிலிருந்து ஹென்றி விட்னி வந்தார். பெரிய குதிரை டிராம் கம்பெனியின் தலைவர், குதிரைக்குப் பதில் எதை வைக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தவர். சான் பிரான்சிஸ்கோவில் ஓடுவது போல, பூமிக்கடியில் ஓடும் வடத்தைப் பிடித்து இழுபடும் கேபிள் டிராம்தான் அவர் பக்கத்து ஆட்களுக்குப் பிடித்தது. கூட்ட நெரிசலில் பல வண்டிகள் ஒரே இடத்தில் நின்று ஒரே சமயத்தில் கிளம்பினால் மின்சாரம் தாங்குமா என்பது அவர்கள் கேள்வி, நியாயமான கேள்வி. ஸ்ப்ரேக் ஒருநாள் இரவு சேவை முடிந்த பிறகு 22 வண்டிகளை வரிசையாக நிறுத்தினார். அந்தத் துண்டுத் தடம் நாலைந்து வண்டிகளுக்கென்று கணக்கிடப்பட்டது. மின்நிலையத்தில் ஃபியூஸ் எதுவும் போய்விடாதபடி இறுக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாகக் கிளம்பச் சைகை காட்டினார். விளக்குகள் மங்கி, ஏறக்குறைய அணைந்தே போயின. ஆனால் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துவிட்டன. பாஸ்டன் மின்சாரத்துக்கு வந்தது, அதன்பின் அமெரிக்காவே வந்தது. அடுத்த பதினைந்து வருடங்களுக்குள் அங்கே குதிரை டிராம் என்பது அபூர்வப் பொருளாகிவிட்டது. இந்த அலையில் நம் சென்னையும் முந்திக்கொண்டது. இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895இல் ஓடியது இங்கேதான். 1953 வரை ஓடியது.

சரி, டிராம் ஒற்றை வண்டி. ரயில் அப்படி அல்லவே. இங்கேதான் முடிச்சு விழுகிறது.

நின்றுகொண்டிருக்கும் டி.சி. (நேர்மின்சார) மோட்டாருக்கு முழு வோல்டேஜைக் கொடுத்தால் அது எரிந்துவிடும். அதனால் தொடக்கத்தில் இரண்டு மோட்டாரையும் தொடராக இணைத்து, நடுவே மின்தடைகளையும் போட்டு, கொஞ்சமாகத்தான் மின்சாரம் விட வேண்டும். வேகம் ஏற ஏறத் தடைகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். பிறகு மோட்டார்களைப் பக்க இணைப்புக்கு மாற்ற வேண்டும். டிராமில் இதையெல்லாம் செய்தது ஓட்டுநருக்கு முன்னால் நின்ற ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான இரும்பு உருளை. மேலே பித்தளைக் கைப்பிடி. அதை நாட்ச் நாட்சாக, அதாவது படிப்படியாகத் திருப்பினால் உள்ளே செம்புத் துண்டுகள் தொட்டுத் தொட்டு விலகும். மோட்டாருக்குப் போகிற மொத்த மின்சாரமும் அந்தக் கைப்பிடிக்குக் கீழேதான் ஓடும். ஒரு வண்டிக்கு இது போதும். ஆறு பெட்டி ரயிலில் எல்லாப் பெட்டிக்கும் மோட்டார் வைத்தால், அத்தனை மின்சாரத்தையும் முதல் பெட்டிக்குக் கொண்டுவந்து திருப்பி அனுப்ப வேண்டும். கையளவு தடிமனான கேபிள்களைப் பெட்டிக்குப் பெட்டி மாட்டிக் கழற்றுவது நடக்கிற காரியமா?

அதனால் எல்லோரும் நீராவிக் காலப் பழக்கத்துக்கே போனார்கள். முன்னால் ஓர் இன்ஜின், பின்னால் பெட்டிகள். 1890இல் லண்டனில் திறந்த முதல் ஆழ்சுரங்க மின்சார ரயில் அப்படித்தான். 1900இல் அங்கேயே வந்த சென்ட்ரல் லண்டன் ரயிலும் அப்படித்தான், ஆனால் அதன் இன்ஜின்கள் ஒவ்வொன்றும் 44 டன். கியர் இல்லாமல் மோட்டாரை அச்சிலேயே கட்டியிருந்ததால் அந்த எடையில் பெரும்பகுதிக்கு ஸ்பிரிங்கே கிடையாது. சுரங்கத்துக்கு மேலே இருந்த கட்டடங்கள் அதிர்ந்தன. வரைபடம் போடுகிறவர்கள் நேர்கோடு இழுக்க முடியவில்லை என்று புகார் செய்தார்கள். விசாரிக்க அரசாங்கம் குழுவே போட்டது. 1903இல் அந்த இன்ஜின்களை ஓரங்கட்டிவிட்டு, மோட்டாரைப் பெட்டிகளில் வைத்த ரயில்களுக்கு மாறினார்கள். மூன்றே வருடம். அதற்குள் அமெரிக்காவில் விடை தயாராகியிருந்தது.

விடை வந்த வழி விசித்திரமானது: லிஃப்ட். ரிச்மண்ட் பேரைக் கொடுத்தது, பணத்தைக் கொடுக்கவில்லை. கம்பெனி எடிசன் தரப்புக்குக் கைமாறியது. ஸ்ப்ரேக் வெளியேறி, நியூயார்க்கில் எழும்பிக்கொண்டிருந்த உயரக் கட்டடங்களுக்கு மின்சார லிஃப்ட் செய்யத் தொடங்கினார். லிஃப்டுக்குள் இருப்பவர் கையில் இருப்பது சின்ன சுவிட்ச். பெரிய மோட்டாரும் அதன் கனமான தொடர்புகளும் வேறு எங்கோ. சின்ன மின்சாரம் போய்ப் பெரிய மின்சாரத்தைத் திறக்கிறது, மூடுகிறது. ஒரு கட்டத்தில் பல லிஃப்ட்களை ஒரே இடத்திலிருந்து இயக்கிப் பார்த்தார்கள். லிஃப்டுக்குப் பதிலாக ரயில் பெட்டி என்று நினைத்துப் பார்க்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

1897இல் சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் தூண்களின் மேல் ரயில் ஓட்டிய கம்பெனி, தன் குட்டி நீராவி இன்ஜின்களைத் தூக்கிவிட்டு மின்சாரத்துக்கு மாற யோசித்தது. ஆலோசனை சொல்ல வந்தவர் ஸ்ப்ரேக். மற்றவர்கள் கொடுத்த திட்டங்களைப் பார்த்துவிட்டு, என்னுடையது வேறு, 120 பெட்டிகளுக்கு நானே செய்கிறேன் என்றார். அதுவரை அப்படி ஒரு ரயில் உலகில் எங்கும் ஓடியதில்லை. பெரும் தொகைக்குப் பிணை கட்டச் சொன்னார்கள், கட்டினார். அந்த ஜூலையில் ஸ்கெனெக்டடி நகரில் முதலில் இரண்டு பெட்டி, பிறகு ஆறு பெட்டி கோர்த்துச் சோதனை நடந்தது. ஆறு பெட்டி ரயிலை ஓட்டிக் காட்டியது அவருடைய பத்து வயது மகன். பையனே ஓட்டலாம் என்பதுதான் அங்கே சொல்ல வந்த செய்தி. 1898இல் சிகாகோவில் அந்த ரயில்கள் பயணிகளோடு ஓடத் தொடங்கின.

அமைப்பு இதுதான். ஒவ்வொரு பெட்டியும் தன் மோட்டாருக்கான மின்சாரத்தைத் தானே பக்கவாட்டில் கிடக்கும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். நாட்ச் மாற்றும் கனமான கன்ட்ரோலர் பெட்டிக்கு அடியிலேயே இருக்கும். ரயிலின் முழு நீளத்துக்கும் ஓடுவது சில மெல்லிய கம்பிகள் மட்டும். ஓட்டுநரின் கைப்பிடி அந்தக் கம்பிகளில் சின்ன மின்சாரத்தை அனுப்பும். ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் அதைக் கேட்டு கான்டாக்டர் என்ற பெரிய மின்சுவிட்சுகள் டக் டக்கென்று ஒரே நேரத்தில் மூடும். கைப்பிடியை எவ்வளவு அவசரமாகத் தள்ளினாலும், மின்சாரம் பாதுகாப்பான அளவுக்கு இறங்கினால்தான் அடுத்த நாட்ச் விழும். அதைக் கவனித்துக்கொள்ள ஒரு ரிலே. இன்னொரு நுணுக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பெட்டிகளை எந்தப் பக்கமாகத் திருப்பிக் கோர்த்தாலும் முன்னே என்றால் ரயிலுக்கு முன்னே என்றே பொருள் ஆகும்படி கம்பிகளைக் குறுக்கே மாற்றிக் கட்டியிருந்தார். பெட்டிகளைக் கோர்த்து ஷண்டிங் செய்கிற ஆள் யோசிக்கவே தேவையில்லை.

இதனால் என்ன லாபம் என்றால், முதலாவது இழுவை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்காமல் இழுக்கக்கூடிய விசை, மோட்டார் மாட்டிய சக்கரங்களின் மேல் உள்ள எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். இன்ஜின் என்றால் அந்த எடைக்காகவே இரும்பைச் சுமக்க வேண்டும். பெட்டிகளுக்கு அடியில் மோட்டார் என்றால் பெட்டியின் எடையும், அதில் நெருக்கி நிற்கும் ஜனங்களின் எடையும் அந்த வேலையைச் செய்துவிடும். கூட்டம் ஏற ஏறப் பிடிமானமும் ஏறும். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன் என்றிருக்கும் தடத்தில் முக்கியம் உச்ச வேகம் அல்ல, நின்று கிளம்பும் வேகம்தான். இரண்டாவது, கடைசி ஸ்டேஷனில் இன்ஜினைக் கழற்றிச் சுற்றிக் கொண்டுவரும் வேலை போயிற்று. ஓட்டுநர் இறங்கி மறுமுனைக்கு நடந்தால் போதும், கடற்கரை ஸ்டேஷனில் தினமும் பார்ப்பதுதான். மூன்றாவது, கூட்ட நேரத்துக்கு மோட்டார் கோச்சும் டிரெய்லரும் சேர்ந்த ஒரு யூனிட்டைக் கூடச் சேர்க்கலாம், மத்தியானம் கழற்றிவிடலாம். பெட்டி கூடினால் மோட்டாரும் கூடுகிறது, ஓடும் நேரம் மாறாது. 1904இல் திறந்த நியூயார்க் சுரங்க ரயில் தொடங்கி, உலகத்து மெட்ரோக்கள் எல்லாம் இந்த வழியில்தான் வந்தன.

பெரிய ரயில்வே கம்பெனிகள் மின்சாரத்துக்கு ஆசைப்பட்டு வரவில்லை, தள்ளிவிடப்பட்டு வந்தன. 1902 ஜனவரி 8 காலை, நியூயார்க் பார்க் அவென்யூ சுரங்கத்தில் புகையும் நீராவியும் மண்டிக் கிடக்க, சிக்னலைத் தாண்டிவந்த ரயில் ஒன்று நின்றிருந்த ரயிலின் பின்னால் மோதியது. 15 பேர் செத்தார்கள். மன்ஹாட்டனின் அந்தப் பகுதிக்குள் 1908 ஜூலைக்குப் பிறகு நீராவி இன்ஜின் வரக்கூடாது என்று சட்டமே போட்டார்கள். நியூயார்க் சென்ட்ரல் கம்பெனியின் பொறியாளர் வில்லியம் வில்கஸ் இதிலிருந்து ஒரு பொன்முட்டையைக் கண்டெடுத்தார். புகை இல்லையென்றால் யார்டைத் திறந்த வெளியில் வைத்திருக்க வேண்டியதில்லை, இரண்டு அடுக்காகப் பூமிக்குள் இறக்கிவிட்டு மேலே கட்டடம் கட்ட வாடகைக்கு விடலாம். 1913இல் திறந்த கிராண்ட் சென்ட்ரல் நிலையமும், அதன் வடக்கே பார்க் அவென்யூவில் வரிசையாக நிற்கும் விலையுயர்ந்த கட்டடங்களும் அப்படி வந்தவை. மண்ணுக்கு அல்ல, தண்டவாளத்துக்கு மேலே இருக்கும் காற்றுக்கு வாடகை.

வோல்டேஜ் கதையை வேகமாகக் கடந்துவிடுகிறேன், அது தனிப் பதிலுக்கு ஆகும். 600 வோல்ட் டி.சி.யைத் தூரத்துக்கு அனுப்பினால் வழியிலேயே கரையும், சில மைல்களுக்கு ஒரு சப்ஸ்டேஷன் வேண்டும். நியூ ஹேவன் கம்பெனி 1907இல் 11,000 வோல்ட் ஏ.சி.யை, அதாவது மாறுமின்சாரத்தை, கம்பியில் விட்டது. கூத்து என்னவென்றால், அதன் ரயில்கள் கிராண்ட் சென்ட்ரலுக்குள் நுழைய நியூயார்க் சென்ட்ரலின் டி.சி. தடத்தில் ஓட வேண்டும். ஆகவே ஒரே இன்ஜின் இரண்டையும் தின்னப் பழக்கப்பட்டது. பென்சில்வேனியா ரயில்வே பின்னர் போட்ட, நொடிக்கு 25 சுழற்சி ஏ.சி. அமைப்பு நியூயார்க்குக்குத் தெற்கே, வாஷிங்டன் வரை இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒருமுறை போட்ட கம்பியை மாற்றுவது அவ்வளவு லேசில்லை. 1950களில் பிரெஞ்சுக்காரர்கள் ஊருக்கெல்லாம் வரும் சாதாரண மின்சாரத்தையே 25,000 வோல்ட்டில் ரயிலுக்குக் கொடுத்துக் காட்டினார்கள். 1957இல் இந்தியாவும் அதையே எடுத்துக்கொண்டது.

அமெரிக்காவில் இந்தத் தொழில்நுட்பத்தின் இன்னொரு கிளை இருந்தது: இன்டர்அர்பன், அதாவது ஊருக்கும் ஊருக்கும் இடையே ஓடிய மின்சார ரயில். 1916 வாக்கில் அமெரிக்காவில் இவற்றுக்கு 15,500 மைல் தடம் இருந்தது, ஒஹையோவிலும் இண்டியானாவிலும் வலைபோல. வண்டி பெரும்பாலும் ஒற்றைப் பெட்டி. முன்பக்கம் சாமான் அறை, அதில் பால் கேனும் பார்சலும். நடுவே புகைபிடிப்பவர்களுக்கு ஒரு தடுப்பு. பின்னால் பெரிய கூடம், ஜன்னலுக்கு மேலே வளைவாக வண்ணக் கண்ணாடி. ஊருக்குள் டிராம் போலத் தெருவில் மெதுவாக ஊர்ந்து, எல்லை தாண்டியதும் வயல்களுக்கு நடுவே மணிக்கு 60 மைல் வரை பறக்கும். நீராவி ரயில் நாளைக்கு மூன்று நான்கு முறை வந்த ஊருக்கு இது மணிக்கு ஒன்று. கைகாட்டினால் பண்ணை வாசலிலேயே நிற்கும்.

இருபது வருடத்தில் ஏறியது, அடுத்த இருபது வருடத்தில் இறங்கியது. மலிவாகக் கட்டிய ஒற்றைத் தடம், கூர்மையான வளைவுகள், மர உடல் பெட்டிகள். நேருக்கு நேர் மோதினால் ஒரு பெட்டி மற்றொன்றுக்குள் புகுந்துவிடும். 1910இல் இண்டியானாவின் கிங்ஸ்லாண்ட் அருகே அப்படி ஒரு மோதலில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அப்புறம் அரசாங்கச் செலவில் தார்ச்சாலையும், ஃபோர்டின் மலிவுக் காரும் வந்தன. சாலைக்குக் காசு கொடுக்காத காரோடு, தன் தடத்தைத் தானே பராமரித்து அதற்கு வரியும் கட்டிய ரயில் போட்டி போட வேண்டியிருந்தது. சின்சினாட்டி–லேக் ஈரி கம்பெனி 1930இல் அலுமினியம் கலந்த இலகு வண்டிகள் 20 வாங்கியது. சிவப்புச் சாத்தான் என்று பேர். விளம்பரத்துக்காக விமானத்தோடு பந்தயம் விட்டு, மணிக்கு 97 மைல் தொட்டதாக அறிவித்தார்கள். ஒன்பதே வருடத்தில் அந்தத் தடத்தில் ரயிலே இல்லை. இவற்றில் பலவும் மின்சார விநியோகக் கம்பெனிகளின் கையில் இருந்தன. 1935இல் வந்த சட்டம் அந்தக் கூட்டுக் குடும்பத்தைப் பிரித்துவிட்டது, நஷ்டத்தைத் தாங்க ஆள் இல்லாமல் போயிற்று. சிகாகோ–மில்வாக்கி நார்த் ஷோர் 1963 வரை தாக்குப்பிடித்தது. சிகாகோவிலிருந்து சவுத் பெண்ட் போகும் சவுத் ஷோர் மட்டும் இன்றும் ஓடுகிறது. அதிலும் மிச்சிகன் சிட்டியில் 2022 வரை நிஜமான ரயில் நடுத்தெருவில் கார்களோடு கார்களாகப் போனது.

அமெரிக்காவில் செத்தது ஜப்பானில் தழைத்தது. 1905இல் ஒசாகாவுக்கும் கோபேக்கும் இடையே ஹான்ஷின் கம்பெனி அமெரிக்க இன்டர்அர்பனைப் பார்த்து மின்சார ரயில் விட்டது. பக்கத்திலேயே அரசு ரயில் இருந்ததால் ரயில்வே உரிமம் கிடைக்காது. அதனால் டிராம் சட்டத்தில் வாங்கி, பாதையில் கொஞ்சத்தை மட்டும் தெருவில் போட்டுக் கணக்குக் காட்டினார்கள். 1910இல் தொடங்கிய இன்னொரு கம்பெனியை நடத்திய இச்சிசோ கோபயாஷி இன்னும் கெட்டிக்காரர். தடம் போகும் வழியில் நிலத்தை வாங்கி வீடு கட்டித் தவணையில் விற்றார். ஒரு முனையில் தகராசுகா நாடகக் குழு, மறுமுனையில் ஸ்டேஷனோடு ஒட்டிய பல்பொருள் அங்காடி. காலையில் வேலைக்கு ஒரு பக்கம், சாயங்காலமும் ஞாயிறும் பொழுதுபோக்குக்கு மறுபக்கம், ரயில் இரண்டு திசையிலும் நிரம்பியது. டிக்கெட் காசை மட்டும் நம்பிய அமெரிக்கக் கம்பெனிகளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் என்பது என் கணிப்பு.

இப்படி நாடு முழுக்க மோட்டார் பெட்டி ரயில்களைப் பார்த்துப் பழகியதாலோ என்னவோ, நீண்டதூர ரயிலுக்கும் அதையே வைக்கலாம் என்று அங்கே துணிந்தார்கள். அரசு ரயில்வேயின் பொறியாளர் ஹிதெயோ ஷிமா அதற்குப் பிடிவாதமாக நின்றார். ஜப்பானின் மண் இளகியது, கனமான இன்ஜின் தடத்தைக் கெடுக்கும், எடையைப் பரப்பு என்பது அவர் கட்சி. 1964இல் ஓடிய முதல் ஷிங்கான்சென் 12 பெட்டி, 48 அச்சு, அத்தனை அச்சிலும் மோட்டார். அதாவது சிகாகோவில் பார்த்ததுதான், மணிக்கு 210 கிலோமீட்டரில். இரண்டு முனையிலும் இன்ஜின் வைத்து அதிவேக ரயில் செய்த ஜெர்மானியர்களும் 2000இல் வந்த ஐ.சி.இ. 3 ரயிலில் மோட்டாரைப் பெட்டிகளுக்கு அடியில் பரப்பிவிட்டார்கள்.

நம் ஊருக்கு வருவோம். இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று பம்பாய் வி.டி.யிலிருந்து குர்லாவுக்கு, 1500 வோல்ட் டி.சி.யில். சென்னையில் 1931 மே மாதம் கடற்கரை–தாம்பரம், அதே 1500 வோல்ட், ஆனால் மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலத் தடம். நீராவி ரயில் ஓடிய பாதையில் இது வந்ததும் மாம்பலம் முதல் தாம்பரம் வரை ஊர் வளர்ந்த வேகமே மாறிவிட்டது. 1960களில் 25,000 வோல்ட் ஏ.சி.க்கு மாற்றினார்கள். மீட்டர் கேஜ் யூனிட்கள் 2004 வரை ஓடின. அவற்றில் போனவர்களுக்கு அந்தக் குறுகலான பெட்டியும், கிளம்பும்போது அடியிலிருந்து ஏறிக்கொண்டே போகும் மோட்டார் முனகலும் நினைவிருக்கும். நடுநடுவே வரும் சின்ன உலுக்கல்தான் மேலே சொன்ன நாட்ச். இப்போதைய யூனிட்களில் அந்த உலுக்கல் இல்லை. மின்னணுக் கருவிகள் மின்சாரத்தை மூன்று ஃபேஸாக மாற்றி, படியில்லாமல் வழுக்கிக்கொண்டு ஏற்றுகின்றன. பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பிக் கொடுக்கிறது.

அப்படியானால் பாண்டியனுக்கு ஏன் இன்ஜின்? முதல் காரணம், அது அடிக்கடி நிற்பதில்லை. நின்று கிளம்பும் வேகத்தில் கிடைக்கும் லாபம் அதற்குக் குறைவு. இரண்டாவது பணம். சாதாரணப் பெட்டி மலிவு, அடியில் மோட்டார் இல்லாததால் பராமரிப்பும் எளிது, தூங்குகிறவனுக்குச் சத்தமும் குறைவு. பெட்டிகள் யார்டில் கழுவப்படும் நேரத்தில் இன்ஜின் வேறு ரயிலை இழுத்துக்கொண்டிருக்கும். வழியில் இன்ஜின் கெட்டால் இன்னொன்றை மாட்டிவிடலாம். மூன்றாவது, அண்மைக் காலம் வரை மின்கம்பி பாதி வழிதான் இருந்தது. கம்பி முடிகிற இடத்தில் மின்சார இன்ஜினைக் கழற்றி டீசலை மாட்ட வேண்டியிருந்தது. யூனிட் ரயிலில் அது முடியாது.

இந்தக் காரணங்களில் மூன்றாவது இப்போது ஏறக்குறைய இல்லை. முதலாவதும் வலுவிழந்து வருகிறது, ஏனென்றால் வேகத்தடை உள்ள இடங்களில் குறைத்துக் குறைத்து ஏற்றுவதிலேயே நீண்டதூர ரயிலின் நேரம் நிறையப் போகிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை 2018இல் செய்து முடித்த ரயில், இப்போது வந்தே பாரத் என்று ஓடுவது, இந்தக் கணக்கின் மேல் கட்டப்பட்டதுதான். 16 பெட்டியில் 8 மோட்டார் கோச், முன்னால் இன்ஜின் கிடையாது. எழும்பூரில் ஏறும்போது மூக்கைப் பார்க்காமல் பெட்டிகளுக்கு அடியில் குனிந்து பாருங்கள், பாதிக்குப் பாதி என்று கணக்குச் சரியாக வரும்.